சத்துக் குளிசை: வாங்குபவர்கள் யார், தேவைப்படுபவர்கள் யார்?

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளின் பெட்டியில் சொக்லேற், சவர்க்காரம் ஆகியவற்றோடு இப்போது விற்றமின் போத்தல்களும் வருகின்றன. அம்மாவுக்குக் கல்சியம், அப்பாவுக்குப் பல விற்றமின்கள் சேர்ந்த குளிசை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மீன் எண்ணெய். அனுப்புவதற்கு யாரும் இல்லாத வீடுகளில், பாமசியில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி மூன்று போத்தல்கள் இருக்கின்றன. அவை அன்பின் அடையாளங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அவை உடலுக்கு என்ன செய்கின்றன என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடத்தப்பட்ட விற்றமின் டி ஆய்வொன்றின் முடிவுகள் 2018ஆம் ஆண்டு வெளியாகின. தினமும் அந்தக் குளிசையை எடுத்தவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்பது 2022ஆம் ஆண்டு தெரியவந்தது. 2024ஆம் ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, ஏறத்தாழ 3 இலட்சத்து 90 ஆயிரம் பேரின் தரவுகளை 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்ந்தது. தினமும் பல விற்றமின் குளிசை எடுத்தவர்கள் மற்றவர்களைவிட நீண்டகாலம் வாழ்ந்ததற்கான சான்று அதில் கிடைக்கவில்லை.

'உதவாவிட்டாலும் கெடுதல் இல்லைத்தானே' என்று நினைப்பதும் எப்போதும் சரியல்ல. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டின் குளிசையை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. இது 1994ஆம் ஆண்டு வெளியான முடிவு. கரட்டிலும் கீரையிலும் இருக்கும்போது நல்லதாக இருக்கும் பொருள், செறிவான குளிசையாகும்போது அதே விளைவைத் தரும் என்ற உறுதி இல்லை. கர்ப்பிணிகள் விற்றமின் ஏ குளிசையை அளவுக்கு மீறி எடுத்தால் கருவிலுள்ள குழந்தைக்குக் குறைபாடு ஏற்படலாம். தலசீமியா உள்ளவர்களுக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்கும் இரும்புச்சத்து கேடு செய்யும். இனிப்பு என்று நினைத்து இரும்புக் குளிசைகளை விழுங்கிய சிறு பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஆனால், மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கும் நாடுகளில் நடந்தவை. சமச்சீரான உணவோடு குளிசையும் வேண்டுமா என்பது அவர்களுடைய கேள்வி. வன்னியிலும் தீவகத்திலும் வாகரையிலும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன், சமச்சீரான உணவு கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. பிறகு பணவீக்கம் குறைந்தது. அதற்கு விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நாட்கூலியில் ஓடும் வீட்டில், கணவனை இழந்த பெண் தனியே தாங்கும் வீட்டில், முதலில் வெட்டுப்படுவது முட்டை, மீன், பால்மா. மிஞ்சுவது சோறும் சொதியும், சில நாட்களில் பாணும் பிளேன்ரீயும்.

அப்படியானால் அந்த வீட்டுக்குத்தானே சத்துக் குளிசை தேவை என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. விற்றமின் குளிசையில் புரதம் இல்லை, பசியாற்றும் சக்தியும் இல்லை. வளரும் பிள்ளையின் தசைக்கும் உயரத்துக்கும் வேண்டியதை ஒரு முட்டையோ ஒரு பிடி பயறோ கொடுக்கும், குளிசை கொடுக்காது. கையில் இருக்கும் காசில் இரண்டில் ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால், போத்தலை விட்டுவிட்டு முட்டை, சூடை மீன், கௌபி வாங்குவதே கெட்டித்தனம். முள்ளோடு சாப்பிடும் நெத்தலியில் கல்சியம் இருக்கிறது. முருங்கையிலை வறையில் போடும் தேங்காய்ப்பூவின் கொழுப்பு, இலையிலுள்ள விற்றமின் ஏயை உடல் உறிஞ்ச உதவும். கொய்யாவில் தோடம்பழத்தைவிடப் பல மடங்கு விற்றமின் சீ உண்டு. ஒரு பழமே ஒரு நாளுக்குப் போதும். கீரைக்குத் தேசிக்காய்ப்புளி விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும்.

குளிசை உண்மையாகவே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மார் அதில் முதலிடம். போலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குவது நல்லது. இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம் ஆகியன சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு விற்றமின் ஏயும் அங்கேயே கொடுக்கப்படுகிறது. குடும்பநல உத்தியோகத்தர் தரும் குளிசையை 'கவர்ன்மென்ற் குளிசை' என்று ஒதுக்கிவிட்டு வெளிநாட்டுப் போத்தலைத் திறப்பதில் பொருளில்லை. நீரிழிவுக்கு நீண்டகாலம் மெற்போமின் எடுப்பவர்களுக்கும், மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்களுக்கும் விற்றமின் பி12 குறையலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் முன்னாள் காயக்காரர்களுக்கு வெயில் படாததால் விற்றமின் டி குறையலாம். இவர்கள் வைத்தியரிடம் கேட்டு, சோதித்து, அளவாக எடுக்க வேண்டியவர்கள்.

எங்கள் சமூகத்தில் பலர் குளிசை தேடுவதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: 'ஒரே களைப்பு'. களைப்புக்கு இரத்தச்சோகை காரணமாக இருக்கலாம். நீரிழிவு, தைரொயிட் நோய் காரணமாக இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகக் காத்திருக்கும் தாயின் நித்திரையில்லாத இரவுகளும் காரணமாக இருக்கலாம். எந்தச் சோதனையும் இல்லாமல் போத்தலைத் திறக்கும்போது, இந்தக் காரணங்கள் எல்லாம் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும். இரத்தப் பரிசோதனையும் மனநலப் பிரிவும் அரச வைத்தியசாலைகளில் இருக்கின்றன. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைத் தனிமனிதரின் தெரிவாக மட்டும் பார்க்கவும் முடியாது. 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷத் திட்டம், சோளமும் சோயாவும் கலந்த மாவைத் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுத்து வருகிறது. நெருக்கடிக் காலத்தில் சோளம் இல்லாமல் அந்த உற்பத்தியே தடைப்பட்டது. மிகவும் தேவைப்பட்ட நேரத்தில்தான் அது கிடைக்கவில்லை. இந்திய இழுவைப் படகுகள் கடலின் அடியை வாரிச் செல்வதால், ஏழை வீட்டுக் கறிச்சட்டிக்கு வரவேண்டிய சிறுமீன் குறைகிறது. காணி விடுவிக்கப்படாத குடும்பங்களுக்கு முருங்கையும் கொய்யாவும் நின்ற சொந்த வளவு இல்லை. இவற்றை எந்தப் போத்தலும் ஈடுசெய்யாது. இவை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் கேட்கப்பட வேண்டிய விடயங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விற்றமின் போத்தல் வாங்க நினைத்த காசை வீட்டுக்கு அனுப்பி, முட்டையும் மீனும் வாங்கச் சொல்லுங்கள். அம்மா கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தார் என்றும் தொலைபேசியில் கேளுங்கள். நானும் எங்கள் வீட்டு அலுமாரியிலுள்ள மூன்று போத்தல்களையும் அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் காட்டுவதற்கு எடுத்து வைத்திருக்கிறேன்.