நாலு மணிக்குப் புறப்பட்டு ஏழு மணிக்கு இறங்குவதா?



பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெற்றோர் டெல்லியிலுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். மகளின் பிரசவத்திற்காகத் தாயார் சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு, அதே திங்கள் காலை 7 மணிக்குச் சேருதல் என்று பிரயாணச் சீட்டில் அச்சிட்டிருக்கும். மூன்று மணிநேரப் பிரயாணமோ என்று ஏமாந்துவிடாதீர்கள். அவர் ஆகாயத்தில் இருப்பது பதினைந்தரை மணிநேரம். இரு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி குறிக்கப்பட்டவை. அவ்வூர் கோடைக்காலத்தில் நமக்குப் பன்னிரண்டரை மணிநேரமும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணிநேரமும் பின்தங்கியிருக்கிறது.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள நேர்தூரம் ஏறக்குறைய 12,400 கிலோமீட்டர். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடக்கே ஏறி, சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் கடலோரமாய்ச் செல்லும். ஆனால் விமானங்கள் எப்போதும் அந்த நூலின் வழியே பறப்பதில்லை. காற்றும், நாடுகளின் வான்வெளி அனுமதியும் பாதையை மாற்றுகின்றன.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா, அட்லாண்டிக் வழியாகச் சென்ற இந்த விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பியது. தூரம் 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆக உயர்ந்தது. ஆயினும் பிரயாண நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து, பதினாலரை மணியானது. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி உயரத்தில் வீசும் பலத்த காற்று, முன்பு எதிர்த்தது. இப்போது பின்னிருந்து தள்ளியது. மாறாக, 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, மேற்கே செல்லும் பல விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. ஆகையால் தூரத்தை மட்டும் கொண்டு நேரத்தைக் கணக்கிடாதீர்கள்.

இந்தக் கணக்கு முதியோருக்கு மிக அவசியம். தினமும் காலை 8 மணிக்கு மருந்து உட்கொள்ளும் தாயார், அன்று டெல்லி நேரப்படி விமானத்திலேயே அதை உட்கொள்ளுகிறார். அடுத்த வேளையை அங்கே திங்கள் காலை 8 மணிக்கு எடுத்தால் பன்னிரண்டரை மணிநேரத்திலேயே இரண்டாம் வேளை ஆகிவிடும். செவ்வாய் காலை 8 மணி என்று காத்திருந்தாலோ, இடைவெளி முப்பத்தாறரை மணிநேரம்! இரண்டுமே இருபத்துநாலு அல்ல. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது விளையாட்டல்ல.

எனவே, புறப்படுமுன் சீட்டை மருத்துவரிடம் காண்பித்து, எந்த வேளை மருந்தை எப்போது எடுப்பது என்று எழுதி வாங்குங்கள். மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். தாயாரிடம் ஒரு கடிகாரத்தை டெல்லி நேரத்திலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். நீண்ட பிரயாணத்தில் அவ்வப்போது எழுந்து நடக்கவும் தண்ணீர் அருந்தவும் நினைப்பூட்டுங்கள்.

உங்கள் பிரயாணங்கள் சுகமாய் அமைவதாக.