மடிக்கணினி மட்டும் போதாது, ஆசிரியருக்கு நேரமும் வேண்டும்

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அதற்காக 2,000 கோடி ரூபாயும் ஒதுக்கியது. காஞ்சிபுரம் போன்ற ஊருக்கு இது சின்ன உதவி அல்ல. அப்பா குழித்தறியில், அம்மா தார் சுற்றும் வேலையில், அண்ணன் ஒரகடம் ஆலையில் இரவு ஷிப்டில் என்று நாள் ஓடும் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, சொந்தக் கணினி எட்டாக்கனியாகவே இருந்துவந்திருக்கிறது. திட்டத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணினி கைக்கு வந்தால் கற்பித்தல் தானாகச் சிறந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. கருவி மிச்சப்படுத்தித் தரும் நேரம் மாணவருக்குப் போய்ச் சேர வேண்டும். அது ஆசிரியர் பணியிடங்களைக் குறைக்கும் கணக்காக மாறினால், இத்தனை செலவும் வீண்.

எந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பட்டுச் சேலையின் முந்தானையில் வர வேண்டிய மயிலோ அன்னமோ முன்பெல்லாம் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரையப்படும். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஒவ்வொரு துளையாகக் குத்தி, அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேல் ஏற்றுவார்கள். இப்போது டிசைனைக் கணினியில் போட்டு, துளை குத்துவதையும் இயந்திரத்திடம் விட்டுவிடுகிறார்கள். கண்ணும் முதுகும் ஒடியச் செய்த வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆனால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு இன்றும் மூன்று நாடாவோடு இரண்டு பேர் தறியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எதைக் கணினிக்குத் தள்ளலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தறிக்காரர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். கல்லூரிகள் அந்தக் கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

வகுப்பறையில் நடப்பது என்ன? புரொஜெக்டர் இருக்கிறது. பவர்பாயிண்ட் ஓடுகிறது. ஆசிரியர் திரையில் இருக்கும் வரிகளைப் படிக்கிறார், மாணவர்கள் கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வுக்கு முதல் நாள் அதே வரிகள் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகின்றன. அந்தக் காலத்தில் ‘நோட்ஸ்’ எழுதிப்போட்ட வழக்கம் இன்று மின்சாரத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

கொரோனா காலம் இதை ஊரறியக் காட்டியது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாகக் கொடுத்தது. சரியான நேரத்தில் வந்த உதவி. ஆனால் காணொளி வகுப்பில் பெயர் தெரிந்ததே தவிர, பெயருக்குப் பின்னால் ஆள் இருந்தாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. டேட்டா இருந்தும், பேச்சு ஒருவழியாகவே போனது.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்திய இணையப் படிப்புகளின் தரவுகளை ஆராய்ந்து, 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2013-இல் ‘யுடாசிட்டி’ நிறுவனத்தோடு சேர்ந்து இணையப் பாடங்களைத் தொடங்கியது. பெரும்பாலானோர் தேறாததால் சில மாதங்களிலேயே அதை நிறுத்திவைத்தது. இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. அறிவியல், பொறியியல், கணிதம் கற்பிப்பது பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வு, மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைக்கும் வகுப்புகளில் தோல்வி சுமார் 22 சதவீதம் என்றும், வெறும் சொற்பொழிவு வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் என்றும் கண்டது.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இந்த வகையைச் சேர்ந்தது. பாடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வரச் சொல்வார். வகுப்பில் ஒரு கேள்வி போடுவார். எல்லோரும் விடையைத் தெரிவித்த பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி மறுபடி விடை கேட்பார். மின்னணுக் கருவிகள் பின்னால் வந்து சேர்ந்தன. அவை இல்லாமல் கையைத் தூக்கியும் இதைச் செய்யலாம்.

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் பாடங்களை யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 2017-இல் வந்த ஸ்வயம் தளத்தில் கலைப் பாடங்களும் இருக்கின்றன. மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ மென்பொருள் பாடங்களைச் சின்னச் சின்னக் காணொளிகளாகத் தமிழ்க் குரலிலும் தருகிறது. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்னூலாக்கி வைத்திருக்கிறது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு, நிறுத்திக் கேட்கவும் திருப்பிக் கேட்கவும் முடிகிற பாடம் பெரிய பலம். வகுப்பில் ‘சார், இன்னொரு தடவை’ என்று கேட்கக் கூச்சப்படுபவர், வீட்டில் பத்துத் தடவை கேட்கலாம்.

அப்படி வீட்டில் கேட்டுவிட்டால் வகுப்பு எதற்கு? காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெருவிலேயே இருக்கிறது. பல்லவர் வரலாறு படிக்கும் மாணவருக்கு, கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் 1890-இல் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி இணையத்தில் கிடைக்கிறது. கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள் அதில் உள்ளன. கோயில் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களில் பல்லவ மன்னன் ராஜசிம்மனின் பட்டப்பெயர்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கைபேசியில் பதிப்பு, கண்ணெதிரே கல். எந்த எழுத்து தேய்ந்திருக்கிறது, பதிப்பில் உள்ளது கல்லில் தெரிகிறதா என்று மாணவர்கள் ஒப்பிட்டுப் படம் எடுத்து அட்டவணை போடட்டும். திரையில் கைலாசநாதர் கோயில் படத்தைக் காட்டிப் பாடம் நடத்துவதைவிட இது எத்தனையோ மேல்.

வணிகவியல் மாணவருக்கும் வேலை இருக்கிறது. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகையின் விலை வெள்ளியோடும் தங்கத்தோடும் ஏறி இறங்குகிறது. ஒரு சேலையின் அடக்கவிலையை எக்செல் தாளில் போட்டு, வெள்ளி விலை ஏறினால் நெசவாளர் கூலி, கடைக்காரர் லாபம், வாங்குபவர் விலை ஆகியவற்றில் எது எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கட்டும். அந்தக் கணக்கோடு கூட்டுறவுச் சங்கத்துக்கு நேரில் போய் விசாரிக்கட்டும். அடக்கவிலைக் கணக்கியல் என்ற தாளுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

இப்படி ஒரு வகுப்பைத் தயார்செய்யப் பழைய குறிப்பேட்டைப் படிப்பதைப் போலப் பல மடங்கு உழைக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் யார்? அரசு கலைக் கல்லூரிகளில் வகுப்புச் சுமையின் கணிசமான பங்கைக் கௌரவ விரிவுரையாளர்களே சுமக்கிறார்கள். அவர்களுடைய தொகுப்பூதியத்தை மாநில அரசு 20,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தியது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வகுத்த நெறிமுறை வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்கிறது. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாத ஒருவரிடம் பாடத்தைப் புதிதாக வடிவமைத்துத் தாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

இதற்கிடையே, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று மானியக் குழு 2021-இல் அனுமதித்தது. முன்பு இது 20 சதவீதம். ஆசிரியர் இல்லாத பாடத்தைக்கூட மாணவர் படிக்க முடியும் என்பது இதன் நல்ல பக்கம். சிறிய கல்லூரிகளுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் காலியான பணியிடத்தை நிரப்பாமல் இணையப் பாடத்தைக் காட்டித் தப்பிக்கவும் இதே விதி வழிவிடுகிறது. இந்த வழி அடைக்கப்பட வேண்டும். இணையப் பாடம் எடுக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும், வாரந்தோறும் நேரில் சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியர் இருப்பதைக் கல்லூரிகளுக்கு நிபந்தனையாக்க வேண்டும்.

அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது மானியக் குழுவின் விதி. இணையமும் நேர்வகுப்பும் சேர்ந்த கலப்பு முறைப் பாடம் தயாரிக்கும் நேரத்தையும் அந்த 16 மணிக்குள் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் அகமதிப்பீட்டுக்கு வைத்திருக்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் கோயிலிலும் தறியிலும் சந்தையிலும் மாணவர்கள் திரட்டும் தரவுக்கு ஒதுக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஊதியம் கொடுத்து, இளநிலைப் பாடங்களுக்குத் தமிழில் குறுங்காணொளிகள் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலாக, காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். அது முடியும்வரை கௌரவ விரிவுரையாளர்களுக்கு மானியக் குழு சொன்ன ஊதியத்தைத் தர வேண்டும். மடிக்கணினிக்கு நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு கிடைத்ததுபோல, அடுத்த அறிக்கையில் இதற்கும் தொகையோடும் காலக்கெடுவோடும் ஒரு தலைப்பு வர வேண்டும்.