ஏப்ரலில் புறப்படுவோர்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும் என்பது நம் நாட்டுப் பத்திரிகைகளின் எழுதாச் சட்டம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மலையேறும் காரோட்டம், கிறகரி வாவியில் படகுச் சவாரி, விடுதிகளின் கட்டண உயர்வு என்று அதன் உள்ளடக்கமும் ஏறக்குறைய நிலையானது. அடியேனும் பல ஆண்டுகள் அதனை எழுதியவன்தான். தலைப்பில் 'வசந்தம்' என்ற சொல் தவறாமல் இருக்கும். நகருக்கு வருவோரின் தொகையை விசாரித்து எழுதிய நான், அதே வாரங்களில் அந்நகரை விட்டுப் புறப்படுவோரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்பத்தி அக்கடனைத் தீர்க்கும் முயற்சி.

புறப்படுவோர் பறவைகள். விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி 1897 இல் பெயரிடப்பட்ட விக்டோரியா பூங்காவில், ஒக்டோபர் முதல் இமயமலைப் பக்கத்து விருந்தாளிகள் தங்கியிருக்கின்றன. அந்தியில் குரல் கொடுக்கும் ஆறுமணிக் குருவியை நம்மவர் அறிவர். கறுப்பும் வெள்ளையுமான பூங்குருவி ஒன்றும் உண்டு. எல்லாவற்றிலும் அரியது காஷ்மீர் ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியை விடச் சிறியது. ஆணின் கழுத்தும் மார்பும் செம்மஞ்சள். வடமேற்கு இமயத்தின் காடுகளில் மட்டுமே முட்டையிடும் இது, குளிர்காலத்தை இலங்கையின் மலைநாட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் கழிக்கிறது. அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் பல்லாண்டு காலம் இடம்பெற்ற பறவை இது. இதனைக் காண வெளிநாட்டார் தொலைநோக்கியுடன் வருகின்றனர். பூக்களுக்கு முதுகைக் காட்டி, பூங்காவின் ஓரமாக ஓடும் அழுக்குக் கால்வாயை அவர்கள் மணிக்கணக்கில் பார்த்து நிற்பதைக் கண்டு நான் சிரித்ததுண்டு. பூச்சிகளும் மக்கிய இலைகளும் அங்கேதான் உள்ளன என்பது பின்னரே எனக்கு விளங்கியது.

பறவை எந்த நாளில் புறப்படுகிறது என்பது அவ்வளவு பெரிய விடயமா என வாசகர் கேட்கலாம். வட துருவத்து வாத்துகளின் கதை இதற்கு விடை தரும். நெதர்லாந்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பார்னக்கிள் வாத்துகள், வசந்தத்தில் 3000 கிலோமீற்றர் பறந்து ரஷ்யாவின் வட கரையை அடைந்து முட்டையிடுகின்றன. குஞ்சுகளுக்குத் தாய் இரை ஊட்டுவதில்லை. பொரித்த நாளிலிருந்து அவை தாமாகவே புல் மேய வேண்டும். பனி உருகியதும் முளைக்கும் இளம்புல்லில்தான் அவற்றின் வளர்ச்சிக்கு வேண்டிய சத்து உண்டு. ஆகவே குஞ்சு பொரிக்கும் நாளும் புல் தளிர்க்கும் நாளும் பொருந்தியாக வேண்டும்.

இப்போது துருவத்தில் பனி முன்கூட்டியே உருகுகிறது. அத்தகைய ஆண்டுகளில் வாத்துகளும், வழியில் இளைப்பாறாமல் விரைந்து போய்ச் சேருகின்றன. ஆனால் 2018 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, அவை முன்னதாக வந்தும் போதிய அளவு முன்னதாக முட்டையிடவில்லை எனக் காட்டியது. வழியில் உண்ணாமல் வந்த தாய், முட்டைக்கான கொழுப்பை அங்கே மேய்ந்தே சேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்குள் நாள்கள் கழிந்துவிடுகின்றன. குஞ்சுகள் வெளிவரும்போது புல் முற்றிவிடுகிறது, பிழைப்பவை குறைகின்றன.

இதனை மலையகத்தாருக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. இரண்டு இலையும் ஓர் அரும்பும் எத்தனை நாள் காத்திருக்கும்? ஹற்றனிலோ டிக்கோயாவிலோ கொழுந்தெடுக்கும் எந்தத் தாயையும் கேளுங்கள். ஒரு வாரத்தில் திரும்ப வேண்டிய 'ரவுண்டு' பின்தங்கினால் கொழுந்து முற்றல் ஆகிவிடும். அதே செடி, அதே மலை, அதே உழைப்பு. தராசடியில் மட்டும் பேச்சு வேறு. துருவத்துப் புல்லும் அத்தகைய கொழுந்துதான். வாத்துக் குஞ்சுக்கு இரண்டாவது ரவுண்டு இல்லை என்பதே வேறுபாடு.

நம்முடைய விருந்தாளியின் நிலை வாத்தைவிடவும் சிக்கலானது. நெதர்லாந்திலிருந்து வடக்கே செல்லும் வாத்து, போகும் வழியெல்லாம் பனி உருகுவதையும் புல் முளைப்பதையும் ஓரளவு பார்த்துக்கொண்டே போகலாம். நுவரெலியாவில் இருக்கும் குருவிக்குக் காஷ்மீரத்தின் செய்தியை யார் சொல்வது? ஏழாம் பாகை அகலாங்கில் உள்ள நம் ஊரில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லை. அப்படியிருந்தும் பறவை நேரம் அறிந்து புறப்படுகிறது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் என்ற அறிஞர், பகலும் இரவும் மாறாத கூடுகளில் வளர்த்த குருவிகளும் வலசைப் பருவத்தில் அமைதியிழந்து துடித்ததைக் கண்டார். ஆண்டுக் கணக்கு உடலுக்குள்ளேயே ஓடுகிறது. அந்தக் கடிகாரம் பழைய காலத்துக்கு ஏற்ப அமைந்தது. காஷ்மீரத்தில் வசந்தம் முந்தினால், இங்கிருக்கும் குருவிக்கு அது தெரிய வழியில்லை.

ஆறுமணிக் குருவிக்குச் சற்று அவகாசம் உண்டு. அது பருவமழையோடு கூடு கட்டுவது. ஈப்பிடிப்பானோ மே, ஜூனில் மரப்பொந்தில் முட்டையிட்டாக வேண்டும். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அது உண்ணும் ஒவ்வொரு பூச்சியும் பயணத்துக்கான கட்டுச்சோறு. சரியாக அவ்வேளையில்தான் நாம் பட்டாசோடும் ஒலிபெருக்கியோடும் மலையேறுகிறோம். உண்மையைச் சொன்னால், ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வசந்தம் என்று ஒன்று கிடையாது. கொழும்பின் வெக்கைக்குத் தப்பி வந்த வெள்ளைத்துரைமார் தம் ஊர் நினைவில் தொடக்கி வைத்த விழா அது. அசல் வசந்தத்துக்குப் போகவேண்டியது குருவி மட்டுமே.

விழாவை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு மாத வருவாயில் ஆண்டை ஓட்டும் கடைக்காரர்களையும், கச்சான் விற்கவும் குதிரைக்கு லகான் பிடிக்கவும் லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். கேட்பது சிறிது. மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை, பூங்காவின் கால்வாய்க் கரையில் ஒரு பட்டித் துண்டைக் கயிறு கட்டி விடலாம். அங்கே சருகைக் கூட்ட வேண்டாம், புதரை வெட்ட வேண்டாம். சுத்தம் என்றால் மொட்டைத் தரை என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் ஊறிக் கிடக்கிறது. ஒலிபெருக்கிகளுக்குப் பந்தயத் திடல் போதும். மாநகர சபைக்கு இதனால் செலவேதும் இல்லை. கயிற்றின் விலையைத் தவிர.

அரசு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதே, 2006 இல் கல்வேஸ் லேண்ட் தேசிய பூங்காவாக்கப்பட்டதே என்பார் உண்டு. அது நல்ல காரியம்தான். ஆனால் அதன் பரப்பு 29 ஹெக்ரெயர். ஒரு நடுத்தரத் தோட்டத்தின் சில மலைகள் அளவே அது தேறும். மீதி இடத்தைத் தோட்டங்கள்தான் தர வேண்டும். ஓடையோரத்தில் தேயிலை நடமுடியாத பள்ளங்கள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. அங்குள்ள புதர்க்காட்டை விறகுக்காக மொட்டையடிக்காமலும், களைகொல்லி அடிக்காமலும் விட்டால் போதும். அந்த ஓடைநீரைத்தான் கீழ் லயத்தார் குடிக்கின்றனர் என்பதையும் தோட்ட நிர்வாகங்கள் நினைவிற் கொள்ளட்டும். விறகு வேறு வழியில் கிடைக்காதவரை தொழிலாளியிடம் புதரைத் தொடாதே என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. எரிவாயு விலை எங்கே போயிற்று என்பதை 2022 இல் எல்லோரும் கண்டோம். ஆகவே இக்கோரிக்கை முதலில் நிர்வாகங்களுக்குத்தான்.

அடுத்த ஏப்ரலில் செய்தி சேகரிக்க மலையேறும் இளைய நிருபர்கள், பூங்காவின் வாயிலில் நுழைவுச்சீட்டுத் தொகையைக் குறித்துக்கொண்ட கையோடு, அந்தக் கால்வாய்ப் பக்கமும் சற்று நடந்து வாருங்கள். காலை ஏழு மணிக்கு முன் போனால் நல்லது. மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.