சென்சார் மாற்றியும் விளக்கு எரிகிறதா?

கேள்வி: லால்குடியிலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு இரவில் கத்தரி, வெண்டை ஏற்றிச் செல்லும் மினி வேனில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் ‘பி0113’ என்று வந்தது. சென்சார் மாற்றிய பிறகும் எரிகிறது. வழி என்ன?
- வாசகர், லால்குடி.

பதில்: நெல்லில் இலை மஞ்சளானதும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு யூரியா போடுவதில்லை. மஞ்சளானது அடி இலையா, குருத்தா, வயலில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்கிறோம். வண்டி காட்டும் கோடும் இந்த மஞ்சள் இலை போலத்தான். கோளாறு எந்தப் பகுதியில் என்று அது சொல்லும். எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது.

‘பி’ என்பது என்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும். அடுத்த எண் 0 என்றால், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடு. பி0113 என்றால், என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரிலிருந்து வரும் மின் அளவு மிக அதிகம் என்று பொருள். சென்சார் கெட்டாலும் இதே கோடு வரும். ஒயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும் இதே கோடுதான்.

மெக்கானிக்கிடம் ஸ்கேனரில் அந்தக் காற்றின் வெப்ப அளவைக் காட்டச் சொல்லுங்கள். ஒயர் அறுந்திருந்தால் பல வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். திருச்சியில் அப்படி ஒரு குளிர் ஏது? புது சென்சார் போட்டும் அதே அளவு நின்றால், பெரும்பாலும் கோளாறு ஒயரில் அல்லது கனெக்டரில்தான். ஒயரை மெல்ல அசைக்கும்போது அளவு மாறினால் அந்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள். காய்கறிக் கழிவு சிந்திய வண்டிக்கு எலி வரும், ஒயரைக் கடிக்கும். ஈரச் சாக்கிலிருந்து வடியும் தண்ணீர் கனெக்டருக்குள் இறங்கினால் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

ஒரே நேரத்தில் நான்கைந்து கோடுகள் வந்தால், அத்தனை சென்சாரும் ஒன்றாகக் கெடுவது அரிது. முதலில் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் இரவு முழுக்க நிறுத்திய பிறகு சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்கும். அடுத்தது எர்த் ஒயர். என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறுமுனையை என்ஜினின் இரும்புப் பகுதியிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை:

* டைனமோவைச் சோதிக்க, ஓடும் என்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். கம்ப்யூட்டர் பெட்டியே போய்விடும்.
* கோடை எழுதி வைக்காமல் அழிக்காதீர்கள். அழித்தால் விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும்.
* பாடியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றாமல் விடாதீர்கள். என்ஜினை அணைத்து, மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள்.

லோடு ஏற்றியபின் மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, இழுவையும் சரியாக இருந்தால், மெதுவாக ஓட்டிச் சரக்கை இறக்கிவிட்டு மெக்கானிக்கிடம் போகலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, சிவப்பு ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தாலோ அங்கேயே நிறுத்தி, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுங்கள். ஒரு நாள் ஏலம் தவறினாலும் பரவாயில்லை. என்ஜின் போனால் அந்தப் பருவத்து வருமானமே போய்விடும்.