தடை தனிக் கரைப்பானுக்கு, மாற்று கலவையாக

வேதிப்பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் விதிகள் 2020 மே மாதம் என்-மீதைல்பிர்ரோலிடோன் (என்எம்பி) என்ற கரைப்பானையும், 2023 டிசம்பரில் டைமீதைல்ஃபார்மமைடு (டிஎம்எஃப்) என்ற கரைப்பானையும் கட்டுக்குள் கொண்டுவந்தன. 2025இல் வெளியான விதி, 2026 டிசம்பர் முதல் டைமீதைல்அசிட்டமைடையும் என்-எதில்பிர்ரோலிடோனையும் சேர்த்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் செறிவு வரம்பு 0.3 சதவீதம். இந்தக் கட்டுப்பாட்டை இவ்விதழ் தயக்கமின்றி ஆதரிக்கிறது. கருவுக்குக் கேடு செய்யும், தோல் வழியே உடலில் ஏறும் திரவங்களோடு தொழிலாளர்கள் பாதுகாப்பின்றி வேலை செய்யக் கூடாது.

நம் கேள்வி மாற்றுக் கரைப்பானைப் பற்றியது. அட்டவணையை மட்டும் பார்த்தால் டிஎம்எஃப்புக்குப் பதில் அசிட்டோநைட்ரைல் போதும்: ஒப்புமை விடுதிறன் இரண்டுக்கும் ஏறக்குறைய 36, 37தான். ஆனால் எலக்ட்ரான் இணையை வழங்கும் திறனைச் சொல்லும் டோனர் எண் 26.6, 14.1 என்று விலகி நிற்கிறது. லித்தியம் குளோரைடு முன்னதில் நன்றாகக் கரைகிறது, பின்னதில் அநேகமாகக் கரைவதில்லை. லித்தியம் அயனியைச் சூழும் கார்பனைல் ஆக்சிஜன்கள் செய்வதை நைட்ரைல் நைட்ரஜனால் செய்ய முடியவில்லை.

அதனால் ஆய்வகங்கள் கலவைக்குப் போகின்றன. பெப்டைடு தொகுப்பில் டிஎம்எஸ்ஓவுடன் எதில் அசிட்டேட்டைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அங்கே பாலிஸ்டைரீன் ரெசின் எவ்வளவு வீங்கும் என்பது விகிதத்துக்கு விகிதம் மாறும். தூய திரவங்களின் எண்களைச் சராசரி எடுத்து அதைச் சொல்லிவிட முடியாது. கலவை தனக்கென்று ஓர் உள்ளமைப்பு கொண்ட திரவம். மெத்தனால்–நீர் கலவையில், மீதைல் தொகுதியைச் சுற்றி நீர் பனிக்கட்டி போல் ஒழுங்குபடுகிறது என்ற ஃபிராங்க்–இவான்ஸின் 1945 விளக்கத்தை நெடுங்காலம் பாடமாகவே படித்தோம். 2002இல் ஃபின்னி, சோப்பர் உள்ளிட்டோர் ஏழுக்கு மூன்று மோல் விகிதக் கலவையை ஐசோடோப்பு பதிலீட்டுடன் நியூட்ரான் விளிம்பு விளைவில் பார்த்தார்கள். மீதைல் தொகுதிகள் நெருங்கி ஒண்டியிருந்தன. நீர் மூலக்கூறுகள் சிறு கொத்துகளாக ஹைட்ரஜன் பிணைப்பில் கோத்திருந்தன. எந்த விகிதத்திலும் கலக்கும் இரு திரவங்கள் மூலக்கூறு அளவில் முழுதாகக் கலந்திருக்கவில்லை.

விதிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. 2007 முதல் நடப்பில் இருக்கும் ரீச் விதியின் பதிவு, உருகுநிலை, ஆவி அழுத்தம், நீரில் கரைதிறன், ஆக்டனால்–நீர் பங்கீடு என்று ஒற்றைப் பொருளைத்தான் விசாரிக்கிறது. 0.3 சதவீதம் என்பது எடைக் கணக்கு. அந்த அளவு டிஎம்எஃப் நீரில் இருந்தால் மோல் பின்னம் 0.0007; ஹெப்டேனில் இருந்தால் 0.004. போதாக்குறைக்கு, டிஎம்எஃப்போடு முழுதாகக் கலக்கவே மறுக்கும் ஹெப்டேனில் அதன் செயல்பாட்டுக் குணகம் ஒன்றுக்கு வெகு மேலே போகிறது. தொழிலாளியின் மூக்கை எட்டும் ஆவி இரண்டிலும் ஒன்றாக இருக்குமா? செறிவு வரம்பை எழுதியவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

இதைவிட வருத்தம் தருவது வேறு. இந்தக் கட்டுப்பாடுகள் வரிசையாக வந்த அதே ஆண்டுகளில், கலவைக்குள் எட்டிப் பார்க்கும் கருவிகளை ஐரோப்பிய அரசுகள் மூடின. ஆய்வுக்கு நியூட்ரான்களைத் தந்த சாக்லேயின் ஆர்ஃபே உலையும் பெர்லினின் பிஇஆர்-2 உலையும் 2019இல் நின்றன. திரவங்களை ஆராய ஆர்ஃபேயில் இருந்த 7சி2 விளிம்பு விளைவுமானியும் அதோடு போயிற்று. மாற்றைக் கண்டுபிடி என்று ஆணையிடுபவர்களே, கண்டுபிடிக்கும் வழியைக் குறுக்குகிறார்கள். கலப்பு வெப்பமும் கிர்க்வுட்–பஃப் தொகையீடுகளும் அளக்க நிதி கேட்டால் "புதுமை இல்லை" என்று திருப்பி அனுப்பும் குழுக்களை நம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். ஆவி–திரவச் சமநிலைத் தரவு இல்லாமல் எந்த மாற்றைப் பாதுகாப்பானது என்று சான்றளிப்பது?

மாற்றுக் கலவையை முன்வைக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் முழு விகித எல்லைக்குமான மிகை என்தால்பியும் பகுதி ஆவி அழுத்தமும் கேட்கப்பட வேண்டும். அதற்கான செலவில் ஆணையிடுவோரும் பங்கேற்க வேண்டும். அதுவரை, உங்கள் ஏடுகளில் கிடக்கும் இருகூறு, முக்கூறு கலவைகளின் அடர்த்தி, பாகுநிலை, கலப்பு வெப்ப அளவீடுகளை, சரிவராத விகிதங்களையும் விடாமல், வெப்பநிலையோடும் நீர் அளவோடும் எங்களுக்கு அனுப்புங்கள். வந்தவற்றை முழுதாக வெளியிடுகிறோம்.