பாதியில் நின்ற கதை யாருக்குச் சொந்தம்?

கணினி விளையாட்டு ஒன்றின் அடுத்த பாகம் கைவிடப்பட்டதென அறிந்து இளைஞர்கள் துயருறுவதைக் கண்டால் நம் அறிஞர் உலகிற்கு நகைப்பு வருகின்றது. விளையாட்டுக்கும் ஓர் ஒப்பாரியா என்பர். துயருறுபவன் மலையகத்து மாணவனாயின் நகைப்போடு அறிவுரையும் சேர்ந்துவிடும். கலவானப் பகுதித் தோட்டங்களிலே கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் எடுத்தும் வாழ்வோரின் பிள்ளை, திரையிற் கண்ட கற்பனைக்காகக் கவலையுறலாமோ என்பது அவ்வறிவுரை. 1000 ரூபா நாட்சம்பளத்தை 2021ஆம் ஆண்டில் வர்த்தமானி வாயிலாகப் பெறுவதற்கே பல்லாண்டு போராடிய சமூகத்திற்கு வேறு கவலைகள் இல்லையா என்றும் வினவுவர். பரிவின் தோற்றத்தில் வரும் இவ்வறிவுரை, ஏழைக்குப் பசி மட்டுமே உண்டு, கதை இல்லை என்னும் பழைய இகழ்ச்சியின் மறுவடிவமேயாம். இதனை மறுத்தே ஆகல் வேண்டும்.

வயிறு நிறைந்தவர்க்கே கதை என்னும் கொள்கையை மலையகத்தின் வாழ்வே பொய்ப்பிக்கின்றது. மாசி மாதத்திலே, பகலெல்லாம் மலையில் உழைத்தோர் இரவெல்லாம் கண்விழித்துக் காமன் கூத்து ஆடுவர். சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிகின்றான், இரதி புலம்புகின்றாள், பின்னர் காமன் எழுப்பப்படுகின்றான். காமன் எரிந்த இடத்தோடு கூத்தை நிறுத்திக்கொள்வோமென எவரேனும் கூறின் தோட்டம் ஒப்புமா? ஒருபோதும் ஒப்பாது. பக்தி மட்டும் இதற்குக் காரணமன்று. அக்கூத்து தோட்டத்தவரின் பொதுச்சொத்து. செலவை அவர்களே பகிர்ந்து கொள்கின்றனர். வேடத்தை அவர்களே புனைகின்றனர். ஆடுபவர் ஒருவர் விலகின் வேறொருவர் அவ்விடத்தை நிரப்புகின்றார். அதனை இரத்துச் செய்யும் அதிகாரம் எந்தத் தனி மனிதனுக்கும் இல்லை.

கணினி விளையாட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. ஜப்பானின் ஒசாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கப்கொம் நிறுவனம் 'மெகா மேன் லெஜென்ட்ஸ்' என்னும் விளையாட்டின் இரண்டாம் பாகத்தை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் முடிவிலே கதாநாயகன் பூமிக்கு அப்பால், திரும்பும் வழியின்றி விடப்படுகின்றான். பத்தாண்டுகள் கழித்து, 2010 செப்டெம்பரில், மூன்றாம் பாகம் அறிவிக்கப்பட்டது. அத்துடன் நில்லாது, அதனை உருவாக்கும் பணியிற் பங்குகொள்ளுமாறு ரசிகர்களையே அந்நிறுவனம் அழைத்தது. புதிய கதாநாயகியின் உருவத்தை ரசிகர்கள் வாக்களித்துத் தெரிவு செய்தனர், கருத்துரைத்தனர், பாத்திரங்களுக்கு உயிரூட்ட உதவினர். 2011 ஜூலையில் அத்திட்டம் கைவிடப்பட்டது. முன்னோட்டமாக வெளிவருமெனக் கூறப்பட்ட பகுதியும் ரசிகர் கைக்கு எட்டவில்லை. கதாநாயகன் இன்றும் விட்ட இடத்திலேயே நிற்கின்றான்.

ஈண்டு நோக்கற்பாலது யாதெனின், ரசிகனின் உழைப்பும் ஆர்வமும் தேவைப்பட்டபோது அவன் 'பங்காளி' ஆயினான். கணக்கு முடிக்கும் வேளையிலோ வெறும் நுகர்வோனாக வெளியே நிறுத்தப்பட்டான். பறித்த கொழுந்தின் விலையை நிர்ணயிக்கும் அறையிலே பறித்தவளுக்கு இருக்கை இல்லை என்பதை அறிந்த மலையகத்தார்க்கு இவ்வேற்பாடு புதிதன்று. இரண்டு இழப்பையும் ஒரே தராசில் நிறுத்தல் நம் நோக்கமன்று. ஒன்று வாழ்க்கை, மற்றையது அதன் ஓய்வுநேரம். ஆயினும் உழைப்பைப் பொதுவிற் பெற்று உரிமையைத் தனியே வைத்துக்கொள்ளும் முறை இரண்டிலும் ஒன்றே. ஆதலின் இவ்விளைஞரின் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்ளும் தகுதி எவரினும் மிகுதியாகத் தோட்டத்து மாணவனுக்கே உண்டு.

படைப்பாளிக்கும் சுவைஞனுக்கும் இடையே கடப்பாடு என ஒன்று இருந்த காலத்தை நாம் அறிவோம். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' முடிவுற்றபோது, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என வாசகர்கள் வினவினர். கல்கி அவ்வினாக்களை ஏளனஞ் செய்யவில்லை; முடிவுரை எழுதி விடையிறுத்தார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் மறைந்தபோது 'அமரதாரா' முற்றுப்பெறாதிருந்தது. அதனை அவர் மகள் ஆனந்தி எழுதி முடித்தார். சாவுகூடக் கதையை நிறுத்த அங்கு இடந்தரப்படவில்லை.

இதனோடு அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்தின் நடத்தையை ஒப்பிடுக. 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டைத் தொடர்ந்து மூன்று பகுதிகள் வருமென 2006இல் அது கூறியது. இரண்டாவது பகுதி 2007இல், தந்தை கொல்லப்பட மகள் கதறும் காட்சியுடன் நின்றது. மூன்றாவது பகுதி வரவேயில்லை. முன்னர் அங்கு எழுத்தாளராயிருந்த மார்க் லெயிட்லோ 2017இல் பெயர்களை மாற்றிக் கதைச் சுருக்கமொன்றை வெளியிட்ட பின்னரே, அது எத்திசையிற் சென்றிருக்கலாம் என ரசிகர் அறிந்தனர். நிறுவனத்தின் விரிவான விளக்கம் 2024 நவம்பரில், ஓர் ஆவணப்படத்தின் வாயிலாகவே கிடைத்தது. பதினேழு ஆண்டு மௌனத்தைப் பொறுமையோடு ஏற்றுக்கொள்ளல் பண்பாடு ஆகாது.

இது மேலைநாட்டு வணிகத்தின் நோய் மட்டுமே என எண்ணுதலும் தவறு. 2006இல் வெளிவந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' திரைப்படத்தின் தொடர்ச்சியாக 24ஆம் புலிகேசியின் கதை 2017இல் தொடங்கப்பட்டது. நடிகருக்கும் தயாரிப்புத் தரப்பிற்கும் பிணக்கு மூண்டது; 2021இல் அது தீர்ந்தபோது படமும் கைவிடப்பட்டது. இரு தரப்பும் தத்தம் நட்டத்தைக் கணக்கிட்டன. காத்திருந்த மக்களின் நட்டம் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம்: கலைஞனை வற்புறுத்தி எழுதச் செய்தல் முறையோ? வராத கற்பனையை வரவழைக்க இயலுமோ? இயலாது, அதனை நாம் கோரவுமில்லை. தான் முடிக்க விரும்பாததை மற்றவர் முடிக்கவும் விடாது பூட்டிவைத்தலையே எதிர்க்கின்றோம். கண்ணகி கோவலன் கதையின் தொடர்ச்சியாகிய மணிமேகலையைப் பாடியவர் இளங்கோவடிகள் அல்லர், சாத்தனார். பிறர் தொடங்கிய கதையை மற்றொருவர் தொடர்தல் நம் இலக்கியத்தின் அடிப்படை வழக்கு என்பதற்கு இரட்டைக் காப்பியங்களே சான்று. சிலப்பதிகாரத்தின் உரிமை இக்காலத்துக் கம்பனி ஒன்றின் பெட்டகத்தில் இருந்திருப்பின் மணிமேகலை தோன்றியிருக்குமா?

இன்றைய சட்டமோ பெட்டகத்தின் பக்கமே நிற்கின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பதிப்புரிமையை ஆக்கியோனின் வாழ்நாளுக்கும் அதன் பின்னர் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாக்கின்றது. எழுதுபவனின் பிழைப்பைக் காத்தற்கு உரிமை வேண்டும்; அதனை எவரும் மறார். ஆனால் எழுதாதிருத்தற்கும், பிறரை எழுதவிடாதிருத்தற்கும் அதே உரிமை கேடயமாவது எந்த நீதி? நிறுவனம் இணங்கின் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. 1998இன் முதல் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை ரசிகர் குழுவொன்று 'பிளாக் மெசா' என்னும் பெயரில் மீண்டும் உருவாக்கியது. வால்வ் அதனைத் தடுக்கவில்லை, விற்கவும் இடமளித்தது. 2020இல் அது முழுமை பெற்றது. நிறுவனம் அழியவில்லை, படைப்பு ஒன்று கூடிற்று. இவ்விடயத்தில் வால்வைப் பாராட்டுதல் நேர்மை. ஏனையோர்க்கு அதனை விதியாக்கக் கோருதல் கடமை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. அறிவித்த தொடர்ச்சியைக் கைவிடும் நிறுவனம் அதன் காரணத்தை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். ரசிகரின் பங்களிப்பால் உருவானவற்றை அவர்களிடமே மீளக் கையளித்தல் வேண்டும். குறித்த காலத்துள் தான் தொடராத கதையை, இலாபநோக்கின்றித் தொடர விரும்புவோர்க்கு அனுமதித்தல் வேண்டும்.

ரசிகர்களையும் கடிந்துரைத்தே ஆகவேண்டும். ஏமாற்றமுற்றோரில் பலர் புலம்பி ஓய்கின்றனர். அல்லது அதே நிறுவனத்தின் அடுத்த விளம்பரத்திற்கு முன்பணம் கட்ட வரிசையில் நிற்கின்றனர். புலம்பல் உரிமைக்குரலாக மாறலாம் என்பதை ஐரோப்பா காட்டியுள்ளது. யூபிசொஃப்ட் நிறுவனம் 'த குரூ' என்னும் விளையாட்டின் சேவையகங்களை 2024 மார்ச்சில் மூடிப் பணம் கொடுத்து வாங்கியவர்க்கே அதனைப் பயனற்றதாக்கியபோது, இவ்வழக்கத்தைத் தடுக்கச் சட்டங்கோரி எழுந்த இயக்கம் 2025 ஜூலையில் பத்து இலட்சம் ஒப்பங்களைக் கடந்தது. விளையாட்டுப் பிள்ளைகள் என இகழப்பட்டோரே அதனைச் செய்தனர்.

நம் பல்கலைக்கழகங்களின் தமிழாய்வு, காப்பியத்தை ஆராயும் அதே கண்ணால் இப்புதிய கதைவடிவத்தையும் அதன் உடைமை உறவுகளையும் ஆராய முன்வருதல் வேண்டும். நகைத்து ஒதுக்குவோர் அறிந்தோ அறியாமலோ பெட்டகத்தின் காவலராகின்றனர். லயத்திலே ஒரு கைத்தொலைபேசியைச் சூழ்ந்திருக்கும் கலவானச் சிறுவர்க்கு அடுத்து என்ன நிகழும் எனக் கேட்கும் உரிமை உண்டு. விடை கிடையாதாயின் அதனைத் தாமே ஆக்கிக்கொள்ளும் உரிமையும் அவர்கட்கு உண்டு. அவ்வுரிமைக்காக வாதிடுதல் தமிழ் கற்றோர் கடனாம்.