விடுதலையைக் காக்கும் கை யாருடையது?

ஒரு மக்களினம் தனக்கென நாடுடையதாக எண்ணப்பெறுவது எப்போது? 1933-ஆம் ஆண்டு, தென்னமெரிக்காவின் மாந்தேவிதேயோ நகரில் அமெரிக்கக் கண்டத்து அரசுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை, இவ்வினாவிற்கு நான்கு அடையாளங்களை விடையாகத் தந்தது. நிலைத்து வாழும் குடிமக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசு, பிற அரசுகளோடு உறவாடும் திறம் என்பனவே அவை. அரசியல் நூல்கள் இன்றும் இவ்விலக்கணத்தையே ஓதுகின்றன. எனினும் இந்நான்கும் வாய்க்கப்பெற்ற மக்கள் உலக மன்றத்தில் இருக்கையின்றி வெளியே நிற்பதையும், இவற்றுள் இரண்டொன்று முற்றாத நாடுகள் உள்ளே அமர்ந்திருப்பதையும் உலகம் கண்டுகொண்டுதான் இருக்கின்றது. நூல்கள் கூறாத ஐந்தாம் அடையாளம் ஒன்று நடைமுறையில் உண்டு. அந்நிலத்தின் காவல் யார் கையில் இருக்கின்றது என்பதே அது. வல்லரசுகளின் தலையீடுகள் மலிந்த இக்காலத்தில், ஒரு நாட்டின் தன்னுரிமையை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

இவ்வுண்மைக்குக் குருதியால் விலை கொடுத்த நாடு கிழக்குத் திமோர். ஆத்திரேலியாவுக்கு வடமேற்கே, ஏறத்தாழ 15,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பும் 13 இலக்கம் மக்களும் உடைய சிறு நாடு அது. பல நூற்றாண்டுகள் போர்த்துகல் நாட்டின் பிடியிற் கிடந்த அம்மக்கள், 1974-இல் இலிசுபனில் கொடுங்கோல் ஆட்சி வீழ்ந்து அடிமைநாடுகளின் தளைகள் கழலத் தொடங்கியபோது, தாமும் எழுந்தனர். 1975 நவம்பர் 28-ஆம் நாள் அவர்தம் விடுதலை அறிவிக்கப்பெற்றது. ஒன்பதே நாள்களில், திசம்பர் 7-இல், இந்தோனேசியப் படை வானிலும் கடலிலும் வந்து திலி நகரில் இறங்கிற்று. அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் போர்டும், அவர்தம் வெளியுறவு அமைச்சர் கிசிங்கரும் சகார்த்தாவில் சுகார்த்தோவைக் கண்டு பேசியிருந்தனர். அப்பேச்சின் பதிவுகள் 2001-இல் வெளிவந்தபோது, படையெடுப்புக்கு அவ்விருவரும் தடை சொல்லவில்லை என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

உலக மன்றம் வாளாவிருந்ததா எனின், சொல்லளவில் இல்லை. 1975 திசம்பர் 22-இல் பாதுகாப்பு அவை, இந்தோனேசியா தன் படையைத் திரும்பப் பெறுதல் வேண்டுமென்று முடிவு செய்தது. 1976 ஏப்பிரலில் அதனையே மீண்டும் கூறிற்று. பொதுப்பேரவை 1982 வரை ஆண்டுதோறும் முடிவுகள் இயற்றியது. இந்தோனேசியாவோ 1976 சூலையில் அந்நிலத்தைத் தன் 27-ஆம் மாநிலமாக இணைத்துக்கொண்டு, படைவலியால் ஆண்டது. தாள்கள் அடுக்கப்பட்டன; பிணங்களும் அடுக்கப்பட்டன! 1974 முதல் 1999 வரையான காலத்தில் கொலையாலும், போர் விளைத்த பசி பிணிகளாலும் மாண்டவர் குறைந்தது 1,02,800 பேர் என்று, பின்னாளில் அமைந்த உண்மை காணும் குழு 2005-இல் கணக்கிட்டுச் சொன்னது. இருபத்துநான்கு ஆண்டுகள் எந்த நாட்டின் படையும் அம்மக்களுக்குத் துணையாக வரவில்லை.

அயல்நாடான ஆத்திரேலியாவின் நடத்தை இன்னும் கொடிது. அவ்வன்கவர்வை அது 1979-இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. திமோர்க் கடலடியில் கன்னெய்யும் எரிவளியும் கிடக்கின்றன என்பதே அதன் கரணியம். 1989-இல் இரு நாட்டு அமைச்சர்களும் அக்கடலின் மேலே வானூர்தியில் பறந்தவாறே அச்செல்வத்தைப் பங்கிடும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். கீழே கிடந்த நிலத்துக்குரியவர் எவரும் கேட்கப்படவில்லை. இதனை எதிர்த்துப் போர்த்துகல் தொடுத்த வழக்கில், 1995-இல் உலக முறைமன்றம் தீர்ப்புரைத்தது. மக்களினங்களின் தன்னுரிமை உலகத்தார் அனைவரும் மதித்தற்குரியது என்று அம்மன்றம் ஒப்பியது. ஆயினும் இந்தோனேசியா வழக்கிற்கு உட்படாமையால், அதன் செயலைப் பற்றி ஒன்றும் கூறவியலாது எனக் கைவிரித்தது. உரிமை உண்டு, ஆனால் அதனைக் கேட்டுப் பெறுவதற்கு இடமில்லை என்பதே அதன் பொருள்!

காற்று மாறியது 1998-இல். பொருளியல் சரிவினால் சுகார்த்தோ வீழ்ந்தார். அடுத்து வந்த அபீபி, குடியொப்பத்திற்கு இசைந்தார். 1999 மே 5-ஆம் நாள் இந்தோனேசியாவும் போர்த்துகலும் ஒன்றிய நாடுகள் அவையும் அதற்கான உடன்படிக்கையைச் செய்துகொண்டன. இங்குத்தான் உற்று நோக்கற்குரிய கூறு ஒன்று உள்ளது. குடியொப்பத்தை நடத்துவது ஒன்றிய நாடுகள் அவை. அதன் பாதுகாப்பை மேற்கொள்வதோ இந்தோனேசியா! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தல் என்பது இதுவன்றி வேறென்ன? ஆகத்து 30-இல் மக்கள் அச்சத்தை மிதித்து வந்து ஒப்போலை இட்டனர். பதிவு செய்தோருள் 98 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வந்தனர், அவருள் 78.5 விழுக்காட்டினர் விடுதலையை வேண்டினர். செப்தம்பர் 4-இல் முடிவு வெளியான அளவிலே, இந்தோனேசியப் படை வளர்த்துவிட்டிருந்த துணைக்குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாண்டின் வன்செயல்களில் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலக்கம் மக்கள் மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டனர். நாட்டின் கட்டடங்களுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

அதன் பின்னரே வல்லரசுகள் வாய் திறந்தன. அமெரிக்கா தன் படைத்துறை உறவை நிறுத்தியது. கடன் கொடுக்கும் உலக அமைப்புகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஓரிரு கிழமைகளில் இந்தோனேசியா இசைந்தது. செப்தம்பர் 15-இல் பாதுகாப்பு அவை ஒப்புதல் அளிக்க, 20-ஆம் நாள் ஆத்திரேலியத் தலைமையிற் பன்னாட்டுப் படை திலியில் இறங்கியது. கடன்முடக்கமும் படையுறவு முறிவும் ஓரிரு கிழமைகளில் செய்து முடித்ததை, இருபத்துநான்கு ஆண்டுகளில் ஏன் ஒருமுறையேனும் செய்து பார்க்கவில்லை? வலி இல்லாமையா, மனம் இல்லாமையா? விடை வெளிப்படை. தலையீடு என்பது அழுகுரல் கேட்டு வருவதன்று. தலையிடுவோரின் ஆக்கக்கேடுகள் ஒத்துவரும் வேளை பார்த்து வருவது.

வந்த தலையீட்டின் தன்மையும் முன்னைக் காலத்ததன்று. முன்பெல்லாம் ஒன்றிய நாடுகளின் படை, சண்டையிட்ட இரு திறத்தாரின் இடையே நின்று அமைதி காக்கும். இங்கோ, 1999 அக்குதோபர் 25-ஆம் நாள் முடிவின்படி, சட்டம் இயற்றல், ஆட்சி நடத்தல், முறை வழங்கல் ஆகிய அனைத்தையும் அவ்வவையே ஏற்றுக்கொண்டது. பிரேசில் நாட்டினரான செர்சியோ வியெயிரா த மெல்லோ அவ்வாட்சியின் தலைவரானார். ஒரு நாட்டை உலக மன்றமே நேரடியாக ஆண்ட அரிய நிகழ்ச்சி அது. அவ்வாட்சி பல நன்மைகளைச் செய்தது என்பதை மறுத்தல் முறையன்று. பசி தணிந்தது, ஏதிலியர் திரும்பினர், 2001-இல் அரசியல் சட்ட அவைக்குத் தேர்தல் நடந்தது, 2002 மே 20-இல் விடுதலைக் கொடி ஏறியது. ஆனால், காட்டிலும் மலையிலும் இருபத்துநான்கு ஆண்டுகள் போரிட்ட மறவர்கள் அக்காலமெல்லாம் முகாமுக்குள் முடங்கிக் கிடந்தனர். வருங்காலப் படை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை வரைந்து தந்தது இலண்டன் கல்லூரி ஒன்றின் ஆய்வறிக்கை. 2001-இல் புதுப்படை தொடங்கியபோது, அம்மறவருள் 650 பேர்க்கே முதற்கண் இடம் கிடைத்தது. எஞ்சியோர் வீட்டுக்கு அனுப்பப்பெற்றனர். மறுபுறம், புதிய காவல்துறையிலோ இந்தோனேசிய ஆட்சியிற் பணியாற்றிய காவலர் சில நூற்றுவர் சேர்க்கப்பெற்றனர். ஒரே நாட்டின் இரு கைகள் ஒன்றையொன்று ஐயுற்று நோக்கும்படி அமைந்தன.

விளைவு 2006-இல் வெடித்தது. அமைதிப்படை வெளியேறி ஓராண்டே ஆகியிருந்தது. மேற்குப் பகுதியினர் என்பதனால் தாம் இழிவாக நடத்தப்படுவதாக முறையிட்ட ஏறத்தாழ 600 படைஞர், படையின் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டோர், நீக்கப்பட்டனர். படையும் காவல்துறையும் தம்முள் சுட்டுக்கொண்டன. திலியிலும் சுற்றுப்புறங்களிலும் ஒன்றரை இலக்கம் மக்கள் வீடிழந்தனர். தலைமையமைச்சர் பதவி விலகினார். ஆத்திரேலியப் படை மீண்டும் வந்திறங்கிற்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பொய்யா மொழியன்றோ! பகைவன் பிரிக்க முடியாத ஒரு மக்களைக் கிழக்கர் என்றும் மேற்கர் என்றும் விடுதலை பெற்ற நான்காண்டுகளில் தாமே பிரித்துக்கொண்ட இழிவை எண்ணுங்கால் நெஞ்சம் வேகின்றது. ஒன்றிய நாடுகளின் பணிக்குழு மீண்டும் வந்து, 2012 திசம்பர் 31 வரை அங்குத் தங்க நேர்ந்தது.

காக்க வந்த கை, கொள்ளவும் நீண்டது. அதே 2006 சனவரியில் ஆத்திரேலியா திமோரோடு செய்துகொண்ட உடன்படிக்கை, பெரிய எரிவளி வயல் ஒன்றின் வருவாயில் பாதியைத் தனக்கு ஒதுக்கியதோடு, கடலெல்லை பற்றி ஐம்பதாண்டுகள் பேச்சே கூடாது என்றும் கட்டியது. விடுதலைக்கு இரு திங்கள் முன்னரே, கடலெல்லை வழக்குகளில் உலக முறைமன்றத்தின் கட்டாய வரம்பினின்றும் அந்நாடு விலகிக்கொண்டிருந்தது. 2004-ஆம் ஆண்டுப் பேச்சுகளின்போது தம் அமைச்சரவை அறையில் ஒற்றுக்கேட்கும் கருவிகள் மறைத்து வைக்கப்பெற்றன என்று திமோர் அரசு பின்னர்க் குற்றஞ்சாட்டி, பன்னாட்டு நடுவர் மன்றை நாடியது. சிறு நாடு சோர்ந்துவிடவில்லை. கடற்சட்ட உடன்படிக்கையில் அதுவரை எவரும் எடுத்தாளாத கட்டாய இணக்கப் பேச்சு என்னும் வழியை 2016-இல் கையிலெடுத்தது. 2018 மார்ச்சு 6-ஆம் நாள் நியூயார்க்கில் புதிய உடன்படிக்கை கையொப்பமாயிற்று. எல்லை பெரும்பாலும் நடுக்கோட்டில் அமைந்தது. அவ்வயலின் வருவாயில் குறைந்தது 70 விழுக்காடு திமோருக்கு உரியதாயிற்று. படைவலியால் அடைய முடியாததைச் சட்ட அறிவும் விடாமுயற்சியும் அடைந்து காட்டின.

திமோரின் பட்டறிவு தனித்த ஒன்றன்று. அதே 1999-இல் நேட்டோ நாடுகள், பாதுகாப்பு அவையின் ஒப்புதலின்றியே 78 நாள்கள் செர்பியாவின்மேல் குண்டு பொழிந்து, கொசோவோவை அதன் பிடியினின்றும் பிரித்தன. 2008 பிப்பிரவரியில் கொசோவோ விடுதலை அறிவித்தது. அவ்வறிவிப்பு உலகச் சட்டத்துக்கு மாறானதன்று என 2010-இல் உலக முறைமன்றம் கருத்துரைத்தது. எனினும் உருசியாவும் செர்பியாவும் ஒப்பாமையால், ஒன்றிய நாடுகள் அவையில் அதற்கு இன்றுவரை இடமில்லை. நேட்டோ படை இன்னும் அங்கிருந்து அகலவில்லை. முன்பு ஆண்டவன் இசைந்ததனால் திமோருக்கு இருக்கை கிடைத்தது. இசையாமையால் கொசோவோ வாயிலில் நிற்கின்றது. இதில் அறத்தின் பங்கு எவ்வளவு என்பதை எவரும் கணித்துக்கொள்ளலாம்.

மக்களைக் காக்கும் பொறுப்பு அனைத்து நாடுகளுக்கும் உண்டு என்று 2005-இல் உலகத் தலைவர்கள் கூடி உறுதி கூறினர். நான்கே ஆண்டுகளில், 2009-இல், ஈழத்து வன்னியில் பல்லாயிரம் தமிழர் கொன்று குவிக்கப்பட்டபோது அவ்வுறுதி எங்கும் காணப்படவில்லை. ஒன்றிய நாடுகளின் பணியாளர்கள் 2008 செப்தம்பரிலேயே கிளிநொச்சியை விட்டு விலகியிருந்தனர். தன் கடமையில் அவை தவறியதென்பதை அதன் உள்ளாய்வு அறிக்கையே 2012-இல் ஒப்புக்கொண்டது. 2011-இல் இலிபியாவிலோ அதே உறுதியைச் சொல்லிக்கொண்டு வான்படை பாய்ந்தது, ஆட்சி வீழ்ந்தது, பின்னர் நேர்ந்த உள்நாட்டுப் போரைப் பொறுப்பேற்க எவரும் முன்வரவில்லை. ஒரே நெறி, ஓரிடத்தில் ஊமை, மற்றோரிடத்தில் இடிமுழக்கம்!

அங்ஙனமாயின், திமோர் மக்களை இருபத்துநான்கு ஆண்டுகள் மக்களாகவே நிறுத்திவைத்தது எது? வெளியார் படை அன்று. கல்விக்கூடங்களில் இந்தோனேசிய மொழி திணிக்கப்பட்ட காலத்தில், 1981 முதல் வழிபாட்டில் தம் தேத்தும் மொழியை ஏற்றி அவர்கள் தம் ஒருமையைக் காத்துக்கொண்டனர். விடுதலைக்குப் பின் தேத்தும் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் போர்த்துக்கேய மொழியும் உடன் அமர்ந்தது. முறைமன்றங்களில் அவ்வேற்று மொழியே ஓங்கியது. 2005-இல் நடந்த தகுதித் தேர்வில் திமோரிய நடுவர் ஒருவரும் தேறாமற் போகவே, வெளிநாட்டு நடுவர்களே வழக்குகளைத் தீர்க்க வேண்டியதாயிற்று. தன் வழக்கைத் தன் மொழியில் கேளாத குடிமகன், தன் நாட்டிலேயே அயலான் ஆகின்றான். காவல் என்பது துப்பாக்கியோடு முடிவதன்று. முறை வழங்கும் மன்றும் அதன் மொழியும் காவலின் கூறுகளே.

2025 அக்குதோபரில் திமோர், ஆசியான் அமைப்பின் பதினோராம் உறுப்பு நாடாயிற்று. ஒருகாலத்தில் அதனை விழுங்கிய இந்தோனேசியாவின் அருகில் இன்று அது சமநிலையில் அமர்ந்துள்ளது. ஆயினும் அரசின் செலவில் பெரும்பகுதி கன்னெய் வைப்பிலிருந்தே வருகின்றது. அவ்வைப்பு வற்றும் நாள் தொலைவில் இல்லை. ஆகவே அதன் போராட்டம் முடிந்துவிட்டதாகக் கொள்ளற்க.

விடுதலை வேட்கையுடைய மக்கள் யாவரும் இவ்வரலாற்றினின்றும் கொள்ளற்பாலன உள. பிறர் துணையை வெறுக்க வேண்டுவதில்லை; அதனை நம்பியே இருத்தலும் ஆகாது. துணை வரும் நாளுக்கு முன்னரே, வந்த துணை நீங்கும் நாளுக்கு அணியமாயிருத்தல் வேண்டும். படையும் காவலும் முறைமன்றும், ஊர்வேறுபாடு பாராத ஒரே மனத்தினராய், தம் மொழியறிந்த தம் மக்களால் நடத்தப்பெறுதல் வேண்டும். உலகச் சட்டத்தை ஐயமறக் கற்ற அறிஞர், களத்தில் நிற்கும் மறவருக்கு இணையாக வளர்க்கப்பெறுதல் வேண்டும். இவை இல்லாதவிடத்துக் கொடி ஏறலாம். கொடிக்கம்பம் மட்டும் பிறர் நட்டதாகவே இருக்கும்.